காதேஜ் நகர மேற்றிராசனம்: தோற்றமும் மறைவும்

உரோமப் பேரரசின் மேலைப் பகுதியில் தலைநகருக்கு அடுத்த பெருநகராக விளங்கியது வட ஆபிரிக்காவின் காதேஜ். அந்நகரின் மேற்றிராணியார் மேலைத் திருச்சபையில் உரோமாபுரியின் பாப்பரசரை அடுத்து மதிப்புப் பெற்றிருந்தார். அவர் அழைத்தபோது இருநூறு மேற்றிராணிமார் திரண்டனர். இலத்தீன் மொழியிற் கிறிஸ்தவச் சிந்தனை முதன்முதல் உருவம் பெற்றதும் அந்நகரிலேயே. எனினும், கி.பி. 1053 இல் பாப்பரசர் ஒன்பதாம் சிங்கராயர் (ஒன்பதாம் லியோ) அந்நாட்டுத் திருச்சபைக்கு எழுதியபோது, ஆபிரிக்கா முழுவதிலும் ஐந்து மேற்றிராணிமாரே எஞ்சியிருந்தனர். அடுத்த நூற்றாண்டின் பின்னர் அவர்களும் இல்லை. எகிப்தின் கொப்திக் திருச்சபை இன்றுவரை நிலைத்திருக்க, அதனினும் பெயர்பெற்ற காதேஜ் திருச்சபை ஏன் வேரற்றுப் போயிற்று என்ற வினா வரலாற்றாசிரியரை நெடுங்காலம் ஈர்த்து வந்துள்ளது. அம்மேற்றிராசனத்தின் வரலாற்றை அதன் தோற்றம் முதலாக நோக்கி, இவ்வினாவுக்கு எவ்வளவுக்கு விடை கூறமுடியும் என ஆராய்வது எமது நோக்கமாகும்.

நகரும் அதன் முதற் கிறிஸ்தவரும்

பீனீசியர் நிறுவிய நகரங்களுள் ஒன்றான காதேஜ், 'புதுநகர்' எனப் பொருள்படும் பியூனிக் மொழிப் பெயரைக் கொண்டது. உரோமர் கி.மு. 146 இல் அதனை அழித்தனர். நூற்றாண்டு கழிந்த பின் யூலியஸ் சீசரின் திட்டப்படியும் அகுஸ்தஸ் பேரரசரின் முயற்சியாலும் அதே இடத்தில் உரோமக் குடியேற்ற நகரொன்று எழுந்தது. நாம் ஈண்டுப் பேசுவது இந்த இரண்டாவது காதேஜைப் பற்றியேயாம். ஆபிரிக்க மாகாணத்தின் தேசாதிபதி இங்கேயே வீற்றிருந்தார். உரோமாபுரி மக்களின் உணவுக்கான தானியத்தின் பெரும் பகுதி இத்துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. நகரின் உயர்குடியினர் இலத்தீன் பேசினர். சுற்றுப்புற நாட்டுமக்களிடையே பியூனிக் மொழியும், உள்நாட்டிற் பேர்பர் இனத்தாரின் மொழிகளும் வழங்கின. இம்மொழி நிலைமையை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் இறுதியில் அதற்கு நாம் மீள்வோம்.

கிறிஸ்தவம் இந்நகருக்கு எப்போது, யாரால் வந்தது என்பதற்குச் சான்றில்லை. அப்போஸ்தலர் எவரையும் தன் நிறுவுநராகக் காதேஜ் உரிமை கோரியதுமில்லை. முதற் சான்று ஒரு நீதிமன்றப் பதிவாகும். கி.பி. 180 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள், சில்லியம் என்ற ஊரைச் சேர்ந்த பன்னிருவர் தேசாதிபதி சற்றூர்னினுஸ் முன்னிலையில் விசாரிக்கப்பட்டு மரணதண்டனை பெற்றனர். அவர்கள் கையிலிருந்த பெட்டியில் என்ன உளதென வினாவியபோது, புனித பவுலின் நிருபங்களும் வேறு நூல்களும் உள்ளன என விடை வந்தது. இப்பதிவு இலத்தீன் மொழியில் உள்ளது. அக்காலத்தில் உரோமாபுரித் திருச்சபையே கிரேக்க மொழியில் வழிபட்டு வந்ததென்பது மனங்கொள்ளத்தக்கது. இலத்தீன் திருச்சபையின் மொழியை முதலில் வளர்த்தது உரோமாபுரியன்று, ஆபிரிக்காவே எனலாம். ஒரு தலைமுறைக்குள் காதேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் அம்மொழியிற் கிறிஸ்தவச் சமயத்துக்குரிய கலைச்சொற்களை ஆக்கிக் கொடுத்தார். திரித்துவம் என நாம் மொழிபெயர்க்கும் சொல்லை இலத்தீனில் அப்பொருளில் முதலில் ஆண்டவர் அவரே.

கி.பி. 203 மார்ச் 7 இல் காதேஜ் அரங்கில் விலங்குகளின் முன் விடப்பட்டு இறந்த இளந்தாய் பெர்பெத்துவாவும், அவருடன் இறந்த அடிமைப் பெண் பெலிசித்தாவும் அந்நகரின் நினைவில் நீங்கா இடம் பெற்றனர். பெர்பெத்துவா சிறையிலிருந்து எழுதிய குறிப்புக்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்நூலில் உடன்கைதியான சத்தூருஸ் கண்ட காட்சியொன்று எமக்கு வேறொரு வகையிற் பயன்படுகின்றது. வானுலக வாயிலில் ஒப்தாத்துஸ் என்ற மேற்றிராணியாரும் அஸ்பாசியுஸ் என்ற குருவும் ஒருவரோடொருவர் பிணங்கி நிற்கின்றனர். குதிரைப் பந்தயம் முடிந்து கட்சிச் சண்டையிட்டுத் திரும்புவோர் போல உன் மக்கள் வருகின்றனர், அவர்களைத் திருத்துவாயாக என வானதூதர் மேற்றிராணியாரைக் கடிந்து கொள்கின்றனர். ஒப்தாத்துஸ் காதேஜின் மேற்றிராணியாராகவே இருத்தல் கூடுமெனக் கருதுவர். அவ்வாறாயின், அம்மேற்றிராசனத்தைப் பற்றிய மிகப் பழைய செய்தியே அதன் உட்பூசலைப் பற்றியதாகின்றது. வேதசாட்சிகள் ஒருபுறமும், பதவியிலுள்ளோர் மறுபுறமுமாக அமைந்த இக்காட்சி பின்வந்த இருநூறு ஆண்டுகளிற் பன்முறை மீளக் காணப்படும்.

சிப்பிரியன் காலம்

ஏறத்தாழக் கி.பி. 220 இல் அகிரிப்பினுஸ் என்ற மேற்றிராணியார் எழுபதின்மர் கூடிய சங்கமொன்றை நடாத்தினார். பதிதர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என அச்சங்கம் முடிவு செய்தது. இதற்கப்பால் அவரைப் பற்றி அதிகம் தெரியவில்லை. நமக்கு நன்கு தெரியவந்த முதல் மேற்றிராணியார் சிப்பிரியனே. செல்வரும் சொல்வன்மை மிக்கவருமான அவர் ஏறத்தாழ 246 இல் மனந்திரும்பினார். 248 அல்லது 249 இல் மேற்றிராணியாரானார். ஞானஸ்நானம் பெற்ற சிறிது காலத்திலேயே அவர் இவ்வுயர்பதவி பெற்றதை ஐந்து குருமார் எதிர்த்தனர். மக்கள் வாக்கு அவர் பக்கம் இருந்தது.

கி.பி. 250 இல் பேரரசர் தெசியுஸ் நாட்டிலுள்ள யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டார். இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்திலே பப்பிரசு ஏடுகளிற் கிடைத்துள்ளன. காதேஜ்க் கிறிஸ்தவருட் பெருந்தொகையினர் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே அலுவலருக்குப் பணங் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். சிப்பிரியனோ நகரைவிட்டு மறைந்திருந்து, மடல்கள் வாயிலாகத் திருச்சபையை நடாத்தினார். அவர் ஓடி ஒளிந்தார் என்ற பழிச்சொல் அன்றே எழுந்தது. உரோமாபுரிக் குருமார் எழுதிய மடலொன்றிலும் அக்குறிப்புத் தொனித்தது.

வேதகலாபனை தணிந்தபின் எழுந்த சிக்கலே பெரிது. வழுவியோர் ஆயிரக்கணக்கில் மீள விரும்பினர். சிறையிற் சித்திரவதைப்பட்டும் வழுவாது நின்றோர் அவர்களுக்குச் சமாதானக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தனர். இன்னாரையும் அவர் வீட்டாரையும் ஏற்றுக்கொள்க எனப் பெயரும் தொகையும் வரையறுக்காது எழுதப்பட்டவையும் உண்டு. மன்னிக்கும் அதிகாரம் உடல் வருத்தித் தம் விசுவாசத்தை நிரூபித்தவர்க்கு உரியதா, அன்றி முறைப்படி தெரிவுபெற்ற மேற்றிராணியாருக்கு உரியதா? ஒளிந்திருந்த மேற்றிராணியார் ஒருவர் சிறைமீண்ட வேதசாட்சிகளுக்கு எதிராக இந்த அதிகாரத்தைக் கோருவது எளிய செயலன்று. சிப்பிரியன் கோரினார். 251 இற் கூடிய சங்கம் அவர் கூற்றை ஏற்றது. சான்றிதழ் மட்டும் வாங்கியோர் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டுச் சேர்க்கப்படலாம். பலியிட்டோர் மரணத் தறுவாயிற் சேர்க்கப்படலாம் என விதிக்கப்பட்டது. மீண்டுமொரு கலாபனை நெருங்குவதாகத் தோன்றியபோது, தவஞ்செய்து வந்த அனைவரையும் சேர்த்துக்கொள்ளவும் அவர் இசைந்தார். படையை ஆயுதமின்றிக் களத்துக்கு அனுப்பலாகாது என்பது அவர் கூறிய காரணம். கொள்கையிற் கடுமையும் நடைமுறையிற் பரிவும் கொண்ட ஒரு நிருவாகியை இங்கு நாம் காண்கிறோம். அக்காலத்திற் பரவிய கொள்ளைநோயின்போது கிறிஸ்தவரல்லாதோர்க்கும் உதவும்படி அவர் தம் மக்களை ஏவினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சிப்பிரியனுக்கும் பாப்பரசர் ஸ்தேவானுக்கும் எழுந்த பிணக்கு இம்மேற்றிராசனத்தின் தன்மையை விளக்கவல்லது. பிரிந்துசென்ற குழுவினரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் திரும்பி வரின், மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்பது அகிரிப்பினுஸ் முதலாக வந்த ஆபிரிக்க வழக்கு. கைகளை வைத்துச் செபித்தல் போதுமென்பது உரோமாபுரி வழக்கு. உரோமாபுரி வழக்கையே யாவரும் ஏற்க வேண்டுமென ஸ்தேவான் வற்புறுத்தினார். 256 செப்தெம்பர் முதலாம் நாள் காதேஜிற் கூடிய சங்கத்தில் 87 மேற்றிராணிமாரின் கருத்துக்கள் ஒவ்வொன்றாகப் பதிவாயின. அனைவரும் சிப்பிரியன் பக்கமே நின்றனர். மேற்றிராணிமாருக்கு மேலாகத் தம்மை மேற்றிராணியாராக நிறுத்திக்கொள்வோர் தம்மிடையே இல்லை என அவர் தொடக்கத்தில் கூறியது எவரை நோக்கியது என்பதைச் சங்கத்தார் உணராதிருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் உரோமாபுரியோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. திருச்சபையின் ஒருமைப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய நூலின் நான்காம் அதிகாரம் இருவேறு பாடங்களிற் கிடைக்கின்றது. ஒன்று இராயப்பரின் முதன்மையை வற்புறுத்துகின்றது. மற்றது மேற்றிராணிமார் யாவரின் சமநிலையை எடுத்துரைக்கின்றது. முன்னது பிற்காலத்தார் செய்த இடைச்செருகலென முன்னர்க் கருதப்பட்டது. இரண்டும் சிப்பிரியன் எழுதியவையே, பிணக்கின் பின் தாமே அதனைத் திருத்தினார் என்னும் பெவெனோ அடிகளின் முடிவே எமக்கும் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

ஸ்தேவான் 257 இல் இறந்தார். அடுத்த ஆண்டு செப்தெம்பர் 14 ஆம் நாள் வலேரியன் பேரரசரின் கட்டளைப்படி சிப்பிரியன் சிரச்சேதம் செய்யப்பட்டார். தம் தலையை வெட்டுபவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கும்படி அவர் தம்மவரிடம் சொன்னதாக விசாரணைப் பதிவு கூறுகின்றது. ஒளிந்தார் என்ற பழி அன்றோடு ஒழிந்தது. காதேஜ் மேற்றிராணியாரின் அரியணை வேதசாட்சியின் அரியணையுமாயிற்று.

இரு மேற்றிராணிமார்

தியோக்கிளேசியன் காலத்துக் கலாபனை 303 இல் தொடங்கியது. இம்முறை அரசு கேட்டது திருமறை நூல்களை. அவற்றைக் கையளித்தோர் 'கையளித்தவர்' என்ற இழிபெயர் பெற்றனர். காதேஜ் மேற்றிராணியார் மென்சூரியுஸ், பதிதரின் நூல்களை அலுவலர் கையிற் கிடைக்கவிட்டு உண்மை நூல்களைக் காத்ததாகக் கூறினார். நம்பியோருமுண்டு, நம்பாதோருமுண்டு. அவர் இறந்தபின் அவருடைய தியாக்கோனான செசிலியன் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். நுமீதிய மாகாணத்து மேற்றிராணிமார் வந்து சேருமுன்னரே இது நிகழ்ந்தது. எழுபதின்மராக அவர்கள் கூடி, செசிலியனை அபிஷேகஞ் செய்த பேலிக்ஸ் என்பவர் நூல்களைக் கையளித்தவர், ஆதலால் அபிஷேகம் செல்லாது எனத் தீர்த்து, மயோரினுஸ் என்பவரை எதிர் மேற்றிராணியாராக்கினர். அவருக்குப் பின் வந்தவரே தோனாத்துஸ். அவர் பெயராலேயே இப்பிரிவினர் தோனாத்தியர் எனப்பட்டனர்.

இப்பூசலில் தனிப்பட்ட மனவருத்தங்களும் கலந்திருந்தன. லூசில்லா என்ற செல்வப் பெண் நற்கருணைக்கு முன் வேதசாட்சியொருவரின் எலும்பை முத்தமிடும் வழக்கமுடையவர். அதற்காகச் செசிலியன் அவரைக் கண்டித்ததை அவர் மறக்கவில்லை. மயோரினுஸ் அவர் வீட்டைச் சேர்ந்தவர். ஆயின் இத்தகைய காரணங்களால் மட்டும் ஒரு பிரிவினை நூறாண்டு நிலைத்திராது. குரு தகுதியற்றவராயின் அவர் கையால் வரும் அருட்சாதனம் பயன்படுமா என்பதே அடிப்படை வினா. சிப்பிரியனை இரு கட்சியினரும் தமக்குரியவராகக் கொண்டாடினர். அவருடைய மறுஞானஸ்நான வழக்கைத் தோனாத்தியர் காத்தனர். ஒருமைப்பாடு பற்றிய அவர் போதனையைக் கத்தோலிக்கர் எடுத்தாண்டனர். 314 இல் ஆள் நகரிற் கூடிய சங்கம் மறுஞானஸ்நானத்தைத் தடுத்தபோது, காதேஜின் கத்தோலிக்க மேற்றிராசனம் தன் பெரும் புனிதரின் வழக்கையே கைவிட வேண்டியதாயிற்று.

கொன்ஸ்தந்தைன் பேரரசர் செசிலியனை ஏற்று, அவருக்குப் பெரும் பணமும் அனுப்பினார். 313 இல் உரோமாபுரியிலும், மறு ஆண்டு ஆள் நகரிலும் தோனாத்தியர் தோற்றனர். பேலிக்ஸ் குற்றமற்றவரென 315 இல் அரச விசாரணையிற் காணப்பட்டது. இவை எதனாலும் பிரிவு தீரவில்லை. நான்காம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் தோனாத்தியரே ஆபிரிக்காவிற் பெரும்பான்மையினராக இருந்தனர். காதேஜில் இரு மேற்றிராணிமார், சிற்றூர்களிலும் இருவர் என்ற நிலை வழக்கமாயிற்று. அரசு படைபலத்தைக் காட்டியபோது, நாமே வேதசாட்சிகளின் திருச்சபை என்ற அவர்களின் கூற்று மேலும் வலுப்பெற்றது.

இப்பிரிவினையின் சமூக அடிப்படை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1952 இல் வெளிவந்த பிரெண்ட் அவர்களின் நூல், தோனாத்தியம் நுமீதிய நாட்டுப்புறத்துப் பேர்பர் மக்களின் இயக்கமெனவும், கத்தோலிக்கம் இலத்தீன் பேசிய நகரத்தாரின் சமயமெனவும் விளக்கியது. இவ்விளக்கம் கவர்ச்சி மிக்கது. 1959 இல் ஏ. எச். எம். ஜோன்ஸ் இதனை மறுத்தார்: பழங்காலத்து மக்கள் தம் சமயக் கருத்துக்களுக்காகவே போராடினர், தேசிய உணர்ச்சியை அவர்கள் மேல் ஏற்றுதல் நம் காலத்தை அவர்கள் காலத்திற் புகுத்துவதாகும் என்றார். தோனாத்தியர் எழுதிய நூல்களும் கல்வெட்டுக்களும் இலத்தீனிலேயே உள்ளன. காதேஜ் நகரத்துள்ளேயே அவர்களுக்கு வலுவான ஆதரவிருந்தது. ஆகவே நாம் ஜோன்ஸ் அவர்கள் பக்கமே சாய்கிறோம்.

அவுரேலியுஸ் காலத்து ஏற்றம்

ஏறத்தாழ 391 முதல் 430 வரை மேற்றிராணியாராயிருந்த அவுரேலியுஸ் சிறந்த நூலாசிரியரல்லர், சிறந்த அமைப்பாளர். இப்போ நகரத்து மேற்றிராணியார் புனித அகுஸ்தீன் அவருடைய நண்பர். ஒருவர் அறிவும் மற்றவர் பதவியும் இணைந்தமையாலேயே ஆபிரிக்கத் திருச்சபை மீண்டும் நிமிர்ந்தது. 393 முதலாக மாகாணங்களின் பொதுச் சங்கங்கள் ஒழுங்காகக் கூடலாயின. ஏனைய மாகாணங்களில் அபிஷேகத்தால் மூத்த மேற்றிராணியார் எவ்வூரினராயினும் தலைமை பெற்றார். காதேஜில் மட்டுமே தலைமை நகரோடு நிலைத்திருந்தது. எந்த மாகாணத்துத் திருச்சபைக்கும் வேண்டிய குருவை எங்கிருந்தும் எடுத்துக் கொடுக்கும் உரிமை காதேஜ் மேற்றிராணியாருக்கு இருந்தது. இருந்தும், முதற் பீடத்து மேற்றிராணியாரைக் குருக்களின் தலைவர் என்றோ உயர் குரு என்றோ அழைக்கலாகாது, முதற் பீடத்து மேற்றிராணியார் என்றே அழைக்க வேண்டுமென அச்சங்கங்களே விதித்தன. அதிகாரத்தைக் கொடுத்துப் பட்டத்தை மறுத்த இவ்விதி ஆபிரிக்கரின் மனப்பாங்கை நன்கு காட்டுகின்றது.

411 யூன் மாதத்தில் காதேஜின் கார்கிலியுஸ் நீராடற் கூடத்தில் இரு கட்சி மேற்றிராணிமாரும் அரச அலுவலர் மார்செல்லினுஸ் முன்னிலையிற் கூடினர். கத்தோலிக்கர் 286 பேர். தோனாத்தியரும் ஏறக்குறைய அதே தொகையினர். சுருக்கெழுத்தாளர் ஒவ்வொரு சொல்லையும் பதிந்தனர். தீயோரோடு அமரோம் என்று கூறித் தோனாத்தியர் நின்றுகொண்டே வாதிட, மார்செல்லினுஸும் மரியாதை கருதி எழுந்து நின்றார். தீர்ப்புக் கத்தோலிக்கர் பக்கமாயிற்று. மறு ஆண்டு தோனாத்தியம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. முன்னர் வாதத்தால் மட்டுமே வெல்ல வேண்டுமென்றிருந்த அகுஸ்தீன் இப்போது அரச வற்புறுத்தலுக்கு நியாயம் கூறலானார். இம்மாற்றம் பின்வந்த நூற்றாண்டுகளில் எங்கெங்கு எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதை அறிந்தோர்க்கு, அவ்வெற்றி முற்றிலும் மகிழ்ச்சி தருவதன்று.

உரோமாபுரியோடிருந்த உறவுக்கு அப்பியாரியுஸ் வழக்கு எடுத்துக்காட்டு. ஆபிரிக்காவில் தண்டிக்கப்பெற்ற இக்குரு பாப்பரசர் சோசிமுஸிடம் முறையிட்டார். பாப்பரசரின் தூதர் நிசேயச் சங்கத்து விதிகள் எனச் சிலவற்றை எடுத்துக் காட்டினார். ஆபிரிக்கரோ அவ்விதிகள் தம் ஏடுகளில் இல்லையென்று கூறிக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் ஆளனுப்பி மூலப்பிரதியை வருவித்தனர். அவை நிசேய விதிகளல்ல, சார்திக்காச் சங்கத்து விதிகள் என்பது வெளிப்பட்டது. இறுதியில் அப்பியாரியுஸ் தம் குற்றங்களைத் தாமே ஒப்புக்கொண்டார். இனித் தூதர்களை அனுப்ப வேண்டாமெனச் சங்கம் பணிவோடும் உறுதியோடும் பாப்பரசர் செலஸ்தீனுக்கு எழுதியது. பாடபேதம் ஒப்புநோக்கி ஒரு வழக்கை வென்ற இச்செய்தி ஆராய்ச்சி மாணவருக்கு உவப்பாக இருக்குமென நம்புகிறோம்.

வந்தால் ஆட்சி முதல் அராபியர் வருகை வரை

439 ஒக்தோபர் 19 இல் வந்தால் மன்னன் கைசெரிக் காதேஜைக் கைப்பற்றினான். வந்தாலர் ஆரிய பதிதத்தைச் சார்ந்தவர். மேற்றிராணியார் குவொத்வுல்தேயுஸ் குருமாரோடு பழுதுற்ற கப்பல்களில் ஏற்றித் துரத்தப்பட்டார். அவர்கள் நேப்பிள்ஸ் துறையை அடைந்தனர். 454 இல் தெயோகிராசியாஸ் மேற்றிராணியாராக அனுமதிக்கப்பட்டார். மறு ஆண்டு கைசெரிக் உரோமாபுரியைச் சூறையாடிக் கைதிகளைக் கொணர்ந்தபோது, முதியவரான அவர் தேவாலயத்துப் பொன் வெள்ளிப் பாத்திரங்களை விற்று அவர்களை மீட்டார். இரு பெருங் கோவில்களிற் படுக்கையிட்டு, இரவும் பகலும் நோயாளரைப் பார்த்து வந்தார். அவர் 457 இல் இறந்தபின் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் பீடம் வெறுமையாயிருந்தது. பின்வந்த யூஜீனியுஸ் காலத்தில், 484 இல், மன்னன் ஹூனெரிக் 460 க்கு மேற்பட்ட மேற்றிராணிமாரை விவாதமெனக் காதேஜுக்கு அழைத்து நாடுகடத்தினான். யூஜீனியுஸ் இருமுறை நாடுகடத்தப்பட்டு, 505 இல் கோல் நாட்டிலே இறந்தார்.

533 செப்தெம்பரில் பைசாந்தியத் தளபதி பெலிசாரியுஸ் நகரை நெருங்கியபோது, சிப்பிரியனின் திருவிழாவுக்காக ஆரியக் குருமார் அவர் கோவிலை அலங்கரித்து வைத்திருந்தனர். படை தோற்ற செய்தி கேட்டு அவர்கள் ஓட, கத்தோலிக்கர் உள்ளே சென்று அவ்விளக்குகளை ஏற்றி விழாவை நடாத்தினர் என்று புரோகோப்பியுஸ் எழுதுகின்றார். ஆயின் மீட்டவரின் ஆட்சியும் மேற்றிராசனத்துக்கு இனிதாக அமையவில்லை. யுஸ்தீனியன் பேரரசர் மூன்று இறையியலாளரின் எழுத்துக்களைக் கண்டிக்க விரும்பினார். ஆபிரிக்க மேற்றிராணிமார் மறுத்தனர். 550 இல் அவர்கள் பாப்பரசர் விஜீலியுஸையே திருச்சபை உறவிலிருந்து விலக்கினர். காதேஜ் மேற்றிராணியார் ரெபராத்துஸ் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டுப் பதவி பறிக்கப்பட்டு, நாடுகடந்த நிலையிலே இறந்தார். வந்தாலர் செய்ததையே கத்தோலிக்கப் பேரரசரும் செய்தார்.

698 இல் அசன் இப்னு அல் நூமான் தலைமையில் அராபியர் காதேஜைக் கைப்பற்றி அழித்தனர். அருகிலிருந்த தூனிஸ் வளர்ந்தது. காதேஜின் தூண்கள் கைரவான், தூனிஸ் நகரங்களின் பள்ளிவாசல்களைத் தாங்கலாயின.

இறுதிக் காலம்

நகர் அழிந்ததோடு மேற்றிராசனமும் அழிந்ததெனப் பலர் நினைப்பர். அவ்வாறன்று. மேலும் நான்கு நூற்றாண்டுகள் காதேஜ் மேற்றிராணியார் என்ற பட்டம் உயிரோடிருந்தது. இஸ்லாமிய நகராகவே எழுந்த கைரவானில் 11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன் கிறிஸ்தவக் கல்லறைக் கல்வெட்டுக்கள் கிடைத்துள்ளன. தொடக்கத்திற் குறிப்பிட்ட 1053 ஆம் ஆண்டு மடல், எஞ்சிய ஐவருள்ளும் தலைமைக்குப் போட்டி எழுந்ததனால் எழுதப்பட்டது. கும்மி என்ற ஊரின் மேற்றிராணியார் தலைமையைக் கோர, பாப்பரசர் அதனை மறுத்து, உரோமாபுரிப் பாப்பரசருக்கு அடுத்து ஆபிரிக்காவின் முதல் மேற்றிராணியார் காதேஜினரே என்று தீர்த்தார். அப்போது காதேஜ் இடிபாடுகளிடையே ஓர் ஊர் மாத்திரமே.

இருபது ஆண்டுகளின் பின் பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் எழுதிய மடல் இதனினும் துயரமானது. முறைகேடான அபிஷேகமொன்றைச் செய்ய மறுத்த மேற்றிராணியார் சிரியாக்குஸ் மீது அவருடைய குருமாரிற் சிலரே ஆட்சியாளரிடம் குற்றஞ் சாட்டினர். அவர் திருடனைப் போல் ஆடை களைந்து அடிக்கப்பட்டார். 1076 இல் அதே பாப்பரசர், புதிய மேற்றிராணியாரை அபிஷேகஞ் செய்யத் தேவையான மூவரும் ஆபிரிக்காவில் இல்லையென எழுதுகின்றார். 1159 இல் தூனிசை வென்ற அல்மொகாத்துக்கள் பிற சமயத்தாரைப் பொறுக்கவில்லை. அதன்பின் உள்நாட்டுத் திருச்சபையின் சுவடு காணப்படவில்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். மொழியே காரணம் என்பார் பலர். கொப்திக் மக்களுக்கும் சிரிய மக்களுக்கும் தத்தம் மொழியில் வேதாகமமும் வழிபாடும் இருந்தன. பியூனிக்கிலோ பேர்பர் மொழிகளிலோ வேதாகமம் பெயர்க்கப்பட்டதற்குச் சான்றில்லை. பியூனிக் தெரிந்த குருமாரைத் தேடி அகுஸ்தீன் அலைந்ததை அவர் மடல்களே காட்டுகின்றன. பூசாலா என்ற ஊருக்கு அவர் தெரிந்தெடுத்த இளைஞர் பெருங்கேடு விளைத்தார். தாய்மொழியில் வேரூன்றாத சமயம் அரசு மாறியதும் உதிர்ந்தது என்ற இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் இது மட்டும் போதாது. இலத்தீன் ஆபிரிக்காவில் நகர மேன்மக்களின் மொழியாக மட்டும் இருக்கவில்லை. சிறிய ஊர்களிலும் இலத்தீன் எழுதப்பட்டது. கைரவான் கல்வெட்டுக்கள் அது நெடிது வாழ்ந்ததையும் காட்டுகின்றன.

எமக்குத் தோன்றும் மற்றொரு காரணம் அமைப்பைச் சார்ந்தது. ஆபிரிக்கத் திருச்சபை முழுவதும் மேற்றிராணிமாரின் திருச்சபையாகவே வளர்ந்தது. சிப்பிரியன் வேதசாட்சிகளை அடக்கி வென்றதும், அவுரேலியுஸ் சங்கங்களால் வென்றதும் அவ்வமைப்பையே வலுப்படுத்தின. எகிப்தில் பாலைவனத் துறவிமடங்கள் மக்கள் மொழியில் ஊன்றி நின்று, நகரங்கள் வீழ்ந்த பின்னும் சமயத்தைத் தாங்கின. ஆபிரிக்காவில் துறவறம் மேற்றிராணியாரின் வீட்டையொட்டியே பெரிதும் வளர்ந்தது. மேற்றிராணியாரை நீக்கினால் ஊர்த் திருச்சபை தலையற்றதாயிற்று. வந்தாலரும் பைசாந்தியரும் ஒருவர் பின் ஒருவராக அதனையே செய்தனர். அராபியர் வந்தபோது வசதியுடையோர் இத்தாலிக்கும் சிசிலிக்கும் சென்றனர். எஞ்சியோருக்கு அபிஷேகஞ் செய்ய மூவர் கிடைப்பதே அரிதாயிற்று. சிரியாக்குஸ் அடிபட்டது மதவெறியால் மட்டுமன்று; அபிஷேகம் பற்றிய பூசலொன்றாலேயே என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம்.

பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி 1881 இல் தூனிசியாவில் ஏற்பட்டபின், கர்தினால் லவிஜெரியின் முயற்சியால் 1884 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் காதேஜ் மேற்றிராசனத்தை மீள நிறுவினார். பிர்சாக் குன்றின்மேல் 1890 இல் பேராலயம் எழுந்தது. அதன் புனிதர் சிப்பிரியனல்லர். 1270 இல் சிலுவைப்போருக்கு வந்து அங்கு இறந்த பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி ஆவார். பழைய காதேஜை மீட்பதாகக் கூறியவர்கள் எதனை நிறுவினர் என்பதற்கு இத்தெரிவே சான்று. வெண்துறவியான தெலாத்ர் அடிகள் செய்த அகழ்வாய்வுகளில் பெர்பெத்துவாவின் பெயர் பொறித்த கல்வெட்டும் பெருங் கோவில்களின் அடித்தளங்களும் வெளிப்பட்டன. அப்பணி நிலைத்தது, புதிய மேற்றிராசனம் எண்பது ஆண்டுகளே நிலைத்தது. 1930 இற் காதேஜில் நடந்த நற்கருணை மாநாடு தூனிசிய மக்களின் மனத்தைப் புண்படுத்தி, தேசிய இயக்கத்துக்கு ஊக்கமளித்தது. நாடு 1956 இற் சுதந்திரம் பெற்றது. 1964 இல் அரசுக்கும் வத்திக்கானுக்கும் உடன்பாடு ஏற்பட, காதேஜ் அதிமேற்றிராசனம் நீக்கப்பட்டுத் தூனிஸ் தனிப்பீடம் அமைந்தது. அது 1995 இல் மேற்றிராசனமாகவும், 2010 இல் அதிமேற்றிராசனமாகவும் உயர்த்தப்பட்டது. அதன் மக்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். பிர்சாப் பேராலயத்தில் வழிபாடு இல்லை. கட்டடம் கலைநிகழ்ச்சிகளுக்குப் பயன்பட்டது. காதேஜ் என்ற பெயர், மக்களில்லாத பீடங்களின் பட்டியலிற் சேர்ந்து வத்திக்கான் அலுவலருக்குப் பட்டமாக வழங்கப்பட்டது. 1967 இல் அப்பட்டத்தைப் பெற்றவர் அகுஸ்தீனோ கசரோலி. மூன்றாண்டுகளுக்கு முன் தூனிசிய உடன்பாட்டுக்கான பேச்சுவார்த்தையில் ஈடுபட்டவரும் அவரே.